சும்மா ஒரு தடவை திறந்து பார்ப்பவர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? நன்றாக ஓடுகிறது என்று தோன்றும். தோன்றியதும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். நீங்கள் சாதாரண மனிதர். இங்கே நாம் பார்க்கப்போகும் ரகம் அப்படிப் போகாது. நிற்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும். ஒரு கண்ணை மூடி, ஒரு காதை மட்டும் அந்தப் பொருளிடம் நீட்டி, பிறந்த குழந்தையின் மூச்சைக் கேட்கிற மருத்துவச்சி மாதிரி கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு, வீட்டிலுள்ளவர்களைப் பதற வைக்கிற அந்த வாக்கியம் வெளியே வரும்:

“ஒண்ணுமில்ல. சும்மா ஒரு தடவ தொறந்து பாத்துட்டு மூடிருவேன்.”

அந்த ‘சும்மா’வை நம்பாதீர்கள்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகியிருக்கும் இடத்தில் இவர் திருப்புளி செருகியிருப்பார். இவர் விருந்தாளியாக வருகிறார் என்று தெரிந்தால் பழகிய வீடுகளில் நகையை எடுத்துப் பூட்டமாட்டார்கள். கடிகாரத்தை எடுத்துப் பூட்டுவார்கள். தாம் கெடுத்த எதையும் கெட்டுவிட்டது என்று இவர் சொன்னதே கிடையாது. “உள்ளுக்குள்ள ரொம்ப நாளா இருந்த கோளாறு, நான் தொறந்ததுனால தெரிய வந்துச்சு” என்பார். அதற்கு நாம் நன்றி வேறு சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் மாட்டி மூடிய பிறகு, விரித்த துண்டின் மேல் ஏதாவது ஒன்று மிச்சம் கிடக்கும். ஒரு திருகாணி, ஒரு வளையம், பெயர் தெரியாத ஒரு பித்தளைத் துண்டு. இவர் கலங்குவாரா? அதை எடுத்து ஊதி, வெளிச்சத்தில் காட்டி, “இது கம்பெனிக்காரன் அதிகப்படியாப் போட்டது” என்று தீர்ப்புச் சொல்லி ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுக்கொள்வார். அந்த டப்பாவைக் குலுக்கிப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் சரித்திரம் முழுக்கச் சத்தம் போடும்.

மோகனூர் ராசப்பனிடம் அப்படி ஒரு டப்பா இருந்தது. கனமான டப்பா.

ராசப்பனுக்குக் காவிரித் தண்ணீர் பாயும் நிலம், கரும்பு, வாழை, நல்ல குணம், வசந்தாமணி என்ற மனைவி எல்லாம் இருந்தன. இவற்றில் எதிலும் திருகாணி இல்லாததால் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வீட்டுச் சுவர்க் கடிகாரம் மட்டும் அவர் ஒரு தடவை சும்மா திறந்து பார்த்ததிலிருந்து எந்த மணிக்கும் பன்னிரண்டே அடித்தது. கிராமபோனில் பெண்குரல் எல்லாம் ஆண்குரல் ஆகிவிட்டது. வசந்தாமணி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த தையல் மிஷின் தைத்ததைப் பிரிக்கும் தொழிலில் இறங்கியிருந்தது. வசந்தாமணி வெயிலைப் பார்த்து மணி தெரிந்துகொண்டாள். துணியைக் கையால் தைத்துக்கொண்டாள். பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டாள். கோபிக்கவில்லை. “அவருக்குக் கள்ளு இல்ல, சீட்டு இல்ல. இது ஒண்ணுதானுங்க” என்று பக்கத்து வீட்டில் பெருமையாகவே சொல்லுவாள்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

வந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பிப் போகும்போது விற்ற வண்டி. பச்சை வர்ணம் அடித்த டாங்கி, உடுக்கை மாதிரி விளக்கு, நாலு வயல் தாண்டிக் கேட்கிற சத்தம். துரை அதை எட்டு வருஷம் ஓட்டினார். ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. அதனால்தான் எட்டு வருஷம் ஓட்டினார்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறோம். ராசப்பனுக்கு ஒரே தங்கை, வள்ளியாத்தாள். ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டிய காதை ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். ஏனென்றால் உண்மையான மாமன் அந்த நேரத்தில் நாமக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வண்டியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வள்ளியாத்தாள் அண்ணனிடம் பேசாமல் இல்லை. பேசினாள், சுவரைப் பார்த்துப் பேசினாள். “வந்தவிய சாப்படறாங்களான்னு கேளுங்க” என்பாள், எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணனைத் தாண்டித் தூணிடம்.

இப்போது தை மாசத்தில் இளைய குழந்தைக்குக் காதுகுத்து. பெண் குழந்தை. வள்ளியாத்தாள் ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள். கூடவே ஒரு தூக்குப்போசி நிறைய நெய்யும் அனுப்பினாள், சீர்த் தட்டுக்குப் பலகாரம் செய்ய. கோபம் வந்ததிலிருந்து அந்த வீட்டிலிருந்து வந்த முதல் நெய். சொல்லி அனுப்பிய சேதி சின்னது: “இந்தத் தடவையும் அண்ணன் மடி வந்து சேரலீன்னா, எம்புள்ளைகளுக்கு மாமனே இல்லீன்னு நெனச்சுக்கறேன்.”

ராசப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தங்கை என்றால் உயிர். “எல்லாத்துக்கும் முந்தி நான் போயி பந்தல்ல உக்காந்திருப்பேன், பாரு” என்றார்.

“பஸ்ஸுல போயிரலாமுங்க” என்றாள் வசந்தாமணி. “கம்மலு எங்கிட்ட இருக்குது. பலகாரம் எங்கிட்ட இருக்குது. நீங்க கொண்டுட்டு வரோணும்ங்கறது உங்க மடி ஒண்ணுதான்.”

“நம்முட்ட வண்டி இருக்கறப்ப எதுக்கு பஸ்ஸு? வண்டி கெணத்துல எறைக்கற தண்ணி மாதிரி தடங்கலில்லாம ஓடுது.”

ஓடியது. உண்மையாகவே ஓடியது. காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வரையில் ஓடியது.

அந்த மத்தியானம் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து உபகாரசாமி வந்தார். ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். மாதாகோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் காவிரி மீன் சாப்பிட வருவதாகச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி மோகனூருக்கு வருவார். மீன் ஒரு சாக்கு. இவரும் அதே ரகம்தான், ஆனால் இன்னும் ஆபத்தான கிளை: சொந்தத்தில் வண்டி இல்லாதவர். தம்முடைய பொருளைத் திறக்கிறவனுக்காவது மனதின் ஓரத்தில் கொஞ்சம் பயம் இருக்கும். அடுத்தவன் பொருளைத் திறக்கச் சொல்கிறவனுக்கு என்ன பயம்?

ராசப்பன் வண்டியைக் கிளப்பிக் காட்டினார். இருவரும் தலையைச் சாய்த்தார்கள். ஒருவர் வலப்பக்கம், ஒருவர் இடப்பக்கம்.

“கியர் விழறப்ப ஒரு ‘களுக்’ கேக்குதுங்களா, ராசப்பண்ணா?”

“நானும் நாலு நாளாக் கேட்டுட்டுத்தான் இருக்கறேன், கம்பவுண்டரே. சொன்னா இவ திட்டுவாளேன்னு சொல்லல.”

“கிளட்சுலதானுங்க. நாளைக்குத் தூரம் போற வண்டி. ஒரு தடவ தொறந்து…”

“சும்மா” என்றார் ராசப்பன்.

“சும்மாதான்” என்றார் உபகாரசாமி.

உள்ளே பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த வசந்தாமணிக்குச் சத்தம் நின்றது கேட்டது. அவள் அப்பொழுதே பஸ்ஸில் எத்தனை பேருக்கு இடம் பிடிக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தாள்.

கிளட்ச் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினும் சக்கரமும் சம்பந்திகள் மாதிரி. ஒருவருக்கு அவசரம், ஒருவருக்கு நிதானம்; நேருக்கு நேர் விட்டால் பல் உடையும். எஞ்சினிலிருந்து ஒரு சங்கிலி வந்து நடுவில் ஓர் ஆளிடம் சேதி சொல்லும். அந்த ஆள் அடுக்கிவைத்த வட்டத் தட்டுகள். தட்டில் பொத்தான் பொத்தானாகத் தக்கை பதித்திருக்கும். தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால் வண்டி நகரும். கைப்பிடியை அழுத்தினால் விலகிக்கொள்ளும். எஞ்சின் பாட்டுக்கு ஓட, வண்டி நிற்கும். சேர்த்தும் வைக்க வேண்டும், சமயத்தில் பிரித்தும் வைக்க வேண்டும். இப்படிப்பட்ட நடு ஆள் வீட்டிலோ வண்டியிலோ ஒழுங்காக இருந்தால் அவரை யாராவது சீண்டுவார்களா?

மூடியைக் கழற்றியதும் உள்ளிருந்து எண்ணெய் வழிந்தது. வசந்தாமணியின் ஈயம் பூசிய வட்டாவில் அதைப் பிடித்தார்கள்.

“கருப்பா இருக்குதே, கம்பவுண்டரே.”

“உள்ளுக்குள்ள உஷ்ணமுங்க. இந்த நெறத்துல எதாச்சும் ஆசுபத்திரிக்கு வந்துச்சுன்னா எங்க டாக்டரே மூஞ்சியத் திருப்பிக்குவாரு.”

“கொட்டிரலாமா?”

“கொட்டிருங்க.”

நல்ல எண்ணெய் வாழைக்கு அடியில் போயிற்று. பிறகு ஸ்பிரிங்குகள் வந்தன, தட்டுகள் வந்தன, சங்கிலி வந்தது. தட்டுகளை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டினார்கள். தக்கைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள். தேயவில்லை, தேய்ந்த மாதிரி இருந்தது. இந்த ரகத்துக்கு ‘மாதிரி’ போதும். உபகாரசாமி பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். மருந்து பாட்டில் தக்கைகள். இருமல் மருந்து வாசனை குப்பென்று அடித்தது. பழைய தக்கைகளைக் குத்தித் தள்ளிவிட்டு, புதியவற்றைச் சவரக் கத்தியால் சீவிச் சீவிப் பதித்தார்கள். சாயங்காலம் எல்லாம் மாட்டி முடித்தபோது துண்டின் மேல் ஒரே ஒரு சின்ன வளையம் மிச்சம் இருந்தது. பிஸ்கோத்து டப்பா அதை வரவேற்றது.

“இனி எண்ணெய் ஊத்தோணுமே” என்றார் ராசப்பன்.

இருவரும் வாழைமரத்தைப் பார்த்தார்கள். அந்த வண்டிக்கு வேண்டிய எண்ணெய் சேலத்தில்தான் கிடைக்கும்.

“வெளக்கெண்ணெய் ஊத்தலாமுங்க. எங்க டாக்டரு எதுக்கும் மொதல்ல அதத்தான் குடுக்கச் சொல்லுவாரு.”

“அது உள்ள போனா இருக்கறதையெல்லாம் வெளிய தள்ளிப்போடும். நடுவழியில மானம் போயிரும்.”

அப்போதுதான் ராசப்பனின் கண் சமையலறை வாசலில் இருந்த தூக்குப்போசியின் மேல் விழுந்தது. பலகாரம் சுட்டது போகப் பாதி இருந்தது. மணல் மணலாக, பொன் நிறத்தில்.

“கம்பவுண்டரே, ராசிபுரத்து நெய்யி. இதவிடச் சுத்தமா ஒண்ணு சீமையில கெடைக்குமா?”

“கெடைக்காதுங்க.”

“கெடைச்சிருந்தா அவனும் இதத்தான் ஊத்தியிருப்பான். கெடைக்காத கொறைக்கு அந்தக் கறுப்புத் தண்ணிய ஊத்தறான், பாவம்.”

உருக்கி ஊற்றினார்கள். கிளட்ச் குடித்தது. மூடியை மூடியதும் ராசப்பன் வண்டியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தங்கை அனுப்பிய நெய்யே தம்மைத் தங்கையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகிறது என்று உபகாரசாமியிடம் பெருமையாகச் சொன்னார்.

தை மாசத்து விடியற்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நெய் எப்படி இருக்கும் என்றும் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்க ராசப்பனுக்குத் தெரியவில்லை. விடிந்தபோது கிளட்ச் தட்டுகள் பல தட்டுகளாக இல்லை. நெய்யில் உறைந்த ஒரே கட்டியாக, பிறவியிலேயே ஒட்டிப் பிறந்தவை மாதிரி இருந்தன. கைப்பிடியை அழுத்தினார். அழுத்தியது அவருடைய விரலுக்குத்தான் தெரிந்தது.

“பிரிய மாட்டேங்குதே?”

“பிடிமானமுங்க!” என்றார் இராத்தங்கியிருந்த உபகாரசாமி. “புதுத் தக்கை. என்ன பிடி பிடிக்குது பாருங்க. ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளி ஓட்டிரலாம். ஓடுனாப் பொறவு கிளட்சு எதுக்கு?”

தள்ளினார்கள். வண்டி இருமியது, உறுமியது, கட்டறுத்த காளை மாதிரி பாய்ந்தது. பின்னால் ஓடிவந்து தொற்றிக்கொண்டார் உபகாரசாமி. இனி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எஞ்சின் அணையும், அணைந்தால் மறுபடி தள்ள வேண்டும். கியர் மாற்றவும் வழியில்லை. ஆகையால் இரண்டாவது கியரிலேயே, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, ராசப்பன் மோகனூர்க் கடைவீதியைக் கடந்தார். பஸ் நிற்கும் இடத்தில் வசந்தாமணி சீர்க்கூடைகளுடன் நின்றிருந்தாள். கூடை ஒன்றை வண்டியில் வைத்து அனுப்பலாம் என்று கையை நீட்டினாள். ராசப்பன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

“யாருங்கம்மா அது? நிக்காமப் போறாரு?” என்று டிரைவர் சின்னண்ணன் கேட்டான்.

“எங்கூட்டுக்காரருங்க” என்றாள் வசந்தாமணி. “அவரு நிக்கறப்ப நாம பாத்துக்கலாம். நீங்க மெதுவா எடுங்க.”

நாமக்கல் மலை தெரிந்தது, பின்னால் போனது. காற்று முகத்தில் அடித்தது. இந்தத் தடவை வெற்றிதான் என்று ராசப்பன் நினைத்தார். பந்தலில் எல்லோருக்கும் முந்தித் தாம் உட்கார்ந்திருப்பதையும், வள்ளி சுவரைப் பார்க்காமல் தம்மைப் பார்த்து “வாங்கண்ணா” என்பதையும் மனதில் ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. நெய் இளகிக்கொண்டிருந்தது.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு சின்ன மேடு. மேடு என்றுகூடச் சொல்ல முடியாது, மாடு கவனிக்காது. அதில் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. ராசப்பன் முடுக்கினார். சத்தம் ஏற்காடு மலைக்கே போய்விட்டது. வண்டி அசையாமல் நின்றது. காலையில் எது பிரியவில்லையோ அது இப்போது சேரமாட்டேன் என்றது. தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று, உருகின நெய்யில் வழுக்கி வழுக்கிச் சுற்றின. சுற்றச் சுற்றச் சூடு. சூட்டில் நெய் காய்ந்தது. காய்ந்த நெய்யின் வாசனை எழுந்தது பாருங்கள்! மேட்டின் இரண்டு பக்கமும் நிலக்கடலைக் காடுகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“எங்கியோ பலகாரம் சுடறாங்கடி” என்றது ஒரு குரல்.

எல்லோரும் சாலைக்கு வந்தார்கள். முன்னால் வந்த மாரக்காள் என்ற பெண் வண்டியைச் சுற்றி வந்து மோந்து பார்த்தாள். நெய் வாசனைக்கு அடியில் இருமல் மருந்து வாசனையும் அவளுக்குப் பிடிபட்டது.

“ஏனுங் சாமி, வண்டிக்குள்ளார அடுப்பு வெச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“பொய் சொல்லாதீங்க. தாளிக்கற வாசம் வருது. சளிப் புடிச்சவங்களுக்குச் சமைக்கறீங்களா?”

ராசப்பன் தரையில் உட்கார்ந்தார். துண்டை விரித்துவிட்டார். மூடி கழன்றது, ஸ்பிரிங்குகள் கழன்றன, நெய் சொட்டச் சொட்டத் தட்டுகள் வெளியே வந்தன. கை முழங்கை வரை நெய். முகத்தில் ஒரு சாந்தம். இந்த ரகத்துக்குப் பொருள் மூடியிருக்கும்போதுதான் கவலை. திறந்துவிட்டால் கவலை தீர்ந்துவிடும்.

பஸ் வந்தது. சின்னண்ணன் யாரும் சொல்லாமலே நிறுத்தினான். பஸ் முழுக்க ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது.

“ஏறுங்க” என்றாள் வசந்தாமணி. “முகூர்த்தம் நெருங்கிப்போச்சு.”

“நீ முன்னால போ. தட்ட ஒரு தொடை தொடச்சு மாட்டிட்டு, இதோ, உம்பின்னாடியே வாரேன்.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. அப்ப நான் போயிட்டேன்.”

“போன தடவ அது பொறி அடிக்கற மேக்னெட்டோ. இது வேற.”

பஸ்ஸிலிருந்து ஒருவர், “அண்ணா, அந்தத் தட்டுல ரெண்டு இட்லி ஊத்துங்க, பசிக்குது!” என்றார். சிரிப்பு. ராசப்பன் திரும்பி, துணைக்கு ஒரு வார்த்தை சொல்லுவார் என்று உபகாரசாமியைத் தேடினார். உபகாரசாமி ஏற்கெனவே பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இல்லை, பஸ்ஸோடு போயிருப்பாள். வசந்தாமணி இறங்கினாள். விரித்த துண்டின் முன்னால் நின்று, கிடந்த சாமான்களை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு எதன் பெயரும் தெரியாது. ஆனால் எல்லாத் தட்டுகளையும் நடுவில் இறுக்கிப் பிடிக்கிற பெரிய பித்தளை மரை ஒன்று நெல்லிக்காய் அளவில் தனியாகக் கிடந்தது. அதன் பக்கமாகவே புருஷன் கை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. குனிந்து அதை எடுத்தாள். முந்தானையில் முடிந்தாள். கம்மல் முடிந்திருந்த அதே முடிச்சுக்குப் பக்கத்தில்.

“இது எங்கூட ராசிபுரம் வருது. நீங்க வாரதுன்னா வாங்க.”

திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

ராசப்பன் வாழ்க்கையில் எத்தனையோ தடவை சாமான் மிஞ்சியிருக்கிறது. குறைந்தது இதுதான் முதல் தடவை. துண்டைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். துண்டை மறுபடி பார்த்தார். சின்னண்ணன் எஞ்சினை ஒரு தடவை உறுமவிட்டான்.

“அம்மிணி, இதக் கொஞ்சம் பாத்துக்கோ!” என்று கத்திவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

“நானெங்கீங்க பாக்கறது? வாசத்துக்கு ஊரே வந்து பாத்துக்கும்!” என்றாள் மாரக்காள்.

பஸ் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் ராசப்பன் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. கண் ஒன்று மூடியது.

“ஏப்பா சின்னண்ணா, மூணாவது கியர்ல ஒரு மொனகல் கேக்குதே. ஒரே ஒரு நிமிசம் ஓரங்கட்டுனீன்னா சும்மா…”

“உக்காருங்க!” என்று பஸ் முழுக்கக் கத்தியது. உபகாரசாமி மட்டும் கத்தவில்லை. அவருக்கும் அது கேட்டிருந்தது.

ராசிபுரத்தில் பந்தல் வாசலில் வள்ளியாத்தாள் நின்றிருந்தாள். தெருக்கோடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்து, கேட்காது என்று முடிவு செய்து, ஒன்றுவிட்ட மாமனைப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டிருந்தாள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு காலைப் பாதி மடக்கியிருந்தார். அந்த நேரத்தில் முழங்கை வரை நெய்யும் மூக்கில் கரியுமாக அண்ணன் ஓடிவந்தார்.

வள்ளியாத்தாள் சுவரைத் தேடினாள். பந்தலில் சுவர் இல்லை. வேறு வழியில்லாமல் அண்ணனையே பார்த்தாள். பிறகு மோந்து பார்த்தாள்.

“இது எங்கூட்டு நெய்யி.”

“ஆமா அம்மிணி” என்றார் ராசப்பன், தலையைக் குனிந்துகொண்டு.

“பலகாரத்துக்குக் குடுத்துவிட்ட நெய்யி ஏன் உங்க கையில இருக்குது? கூட என்ன, கசாய வாசம்?”

“கிளட்சுல ஊத்தினேன்.”

வள்ளியாத்தாளுக்குக் கிளட்ச் என்றால் என்ன என்று தெரியாது. அண்ணன் என்றால் என்ன என்று தெரியும். உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அது அழுகை இல்லை.

“போயி உக்காருங்கண்ணா” என்றாள். “மடி வந்துருச்சு. அது போதும்.”

ஒன்றுவிட்ட மாமன் எழுந்துகொண்டார். முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் இலையில் நெய் குறையாது என்ற தைரியமும் இருந்தது. ராசப்பன் கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஆசாரி பெட்டியைத் திறந்தார். வசந்தாமணி முந்தானையை அவிழ்த்துக் கம்மலை எடுத்துக் கொடுத்தாள். சின்னக் கம்மல், பின்னால் அதைவிடச் சின்னத் திருகாணி. அதைப் பார்த்ததும் மாமன் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஆசாரி, அந்த மரை சரியாப் பிடிக்குதான்னு சும்மா ஒரு தடவ…”

காது குத்தும்போது குழந்தையின் கையை இரண்டு பேர் பிடித்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். அன்று ராசிபுரத்தில் மாமன் கையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

குத்தியதும் குழந்தை வீறிட்டது. வாழைப்பழம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றது. கிலுகிலுப்பை ஆட்டினார்கள், தட்டிவிட்டது. வசந்தாமணிக்கு முந்தானையின் இன்னொரு முடிச்சு ஞாபகம் வந்தது. அந்தப் பித்தளை மரையை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தாள். அழுகை நின்றது. குழந்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. காதருகில் கொண்டுபோய்க் குலுக்கியது. பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

“அய்யோ சாமி!” என்றாள் வள்ளியாத்தாள். “மாமனாட்டமே!”

அந்த மரையைக் குழந்தை விடவில்லை. பிடுங்கினால் ஊரைக் கூட்டியது. அது தூங்கினால்தான் மரை கிடைக்கும் என்று ஆயிற்று. மரை இல்லாமல் வண்டி இல்லை. ஆகவே ராசப்பன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், தாம்பூலம் போட்டார், தங்கையுடன் பழைய கதை பேசினார், மூத்த மருமகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நெசவுத் தெருவைச் சுற்றி வந்தார். தங்கை வீட்டில் ஒரு வேலையும் இல்லாமல் அவர் வெயில் சாயும் வரை இருந்தது அதுவரை நடந்ததில்லை. வள்ளியாத்தாள் அன்று தூணிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உபகாரசாமி ராசிபுரத்திலிருந்தே சேலத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். வெயில் தாழ, குழந்தை தூங்கிய பிறகு, மரையோடு ராசப்பனும் வசந்தாமணியும் மேட்டுக்குத் திரும்பியபோது மாரக்காள் சொன்னது சரியாக இருந்தது. வாசத்துக்கு ஊரே வந்திருந்தது. நாலு காலில் வந்திருந்தது. துண்டைச் சுற்றி நாய்கள். தட்டு ஒவ்வொன்றையும், தக்கை ஒவ்வொன்றையும், சங்கிலியின் கண்ணி ஒவ்வொன்றையும் நக்கி நக்கி, துரை வாங்கிய அன்றுகூட அந்தக் கிளட்ச் அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது என்னும்படி வைத்திருந்தன. ராசப்பன் துரத்திவிட்டு மாட்டினார். சின்னண்ணனிடம் கெஞ்சி வாங்கிவந்த பஸ் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றினார். கைப்பிடியை அழுத்தினார், விலகியது. விட்டார், பிடித்தது. வண்டி மேட்டில் பூ மாதிரி ஏறியது.

“பாத்தியா?” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த வசந்தாமணியிடம். “தொறந்து பாத்ததுனாலதான் சரியாச்சு.”

கியர் விழும்போது லேசாக ஒரு ‘களுக்’ கேட்டது. அவள் சட்டென்று பலமாக இருமினாள்.

இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சந்தோஷம். நீங்கள் அந்த ரகம் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கி ஓடுகிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது இரண்டு தடவை அதை நிமிர்ந்து பார்த்தீர்கள், அதுவும் தற்செயல்தான். திருப்புளி மேசை இழுப்பறையில் இருக்கிறது என்று உங்களுக்கு ஞாபகம் வந்ததும் தற்செயல்தான். ஒன்றும் ஆகாது. போய் எடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் தயவுசெய்து ஒன்று செய்யுங்கள்: வீட்டில் பிஸ்கோத்து டப்பா ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காலி டப்பாவாக.